குருவிக்கூடும் நான்கு நிமிடக் கோடும்

முதல் தகட்டைக் கெடுத்த கதையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

ஜன்னல் மேல்விளிம்பில் காலியாகக் கிடந்த ஒரு குருவிக்கூட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். காய்ந்த புல், நார், எங்கிருந்தோ பொறுக்கி வந்த நூல், இரண்டு மூன்று குட்டி இறகுகள். அதில் எல்லாமே கோடுதான். கூட்டின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு நீளமான முடி வெளியே நீட்டிக்கொண்டு, வளைந்து, காற்றில் முடிந்தது. மனிதத் தலைமுடியா, வேறு ஏதாவது மிருகத்தினுடையதா, தெரியவில்லை. அந்த முடியைச் செப்புத் தகட்டில் எட்சிங்காக, அதாவது தகட்டை அரித்து அச்செடுக்கும் படமாகக் கொண்டுவர வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். கூடு அதற்கு ஒரு சாக்கு.

மெல்லிய கோடு வேண்டும் என்றால் மெல்லிய ஊசி வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கைவசம் இருந்ததிலேயே கூர்மையான ஊசியை எடுத்து இரண்டு மாலை உட்கார்ந்து வரைந்தேன். தகட்டைச் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் 45 நிமிடம் ஒரே தடவையாக ஊறவிட்டேன். அச்செடுத்துப் பார்த்தால், கூட்டின் உட்புறம் இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை. வெளியே நீட்டிய அந்த முடியோ, துணி காயப்போடும் கொடி மாதிரி தடியாக நின்றது.

கறை ஏன் கறுப்பாகக்கூட இல்லாமல் சாம்பலாக வந்தது என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. எட்சிங்கில் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். ஊசி அந்தப் பூச்சை மட்டும் விலக்கும். விலகிய இடத்தில் தெரியும் செம்பை ஃபெரிக் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மை தங்கும், ஈரத் தாள் அந்த மையை எடுத்துக்கொள்ளும். ஆனால் அரிப்பு கீழ்நோக்கி மட்டும் போவதில்லை. பூச்சுக்கு அடியில் பக்கவாட்டிலும் போகிறது. நெருக்கமாகப் போட்ட இரண்டு கோடுகள் நேரம் ஆக ஆக அகன்று, நடுவில் இருக்கும் மெல்லிய செம்புச் சுவரைத் தின்றுவிடும். சுவர் போனதும் அங்கே கோடுகள் இல்லை, ஒரு அகலமான குழிதான் இருக்கிறது. அகலமான குழியில் மை நிற்காது. துடைக்கும் துணி உள்ளே போய் வழித்துக்கொண்டு வந்துவிடும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அதனால்தான் சாம்பல். இருட்டை நிறையக் கோடு போட்டு வரவழைக்கப் பார்த்தேன். அந்த நிறையக் கோடுதான் இருட்டைக் கெடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முடி கொடிக்கயிறானதற்கு ஊசி காரணமே இல்லை. 45 நிமிடம்தான் காரணம். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறியபிறகு வேலையே வேறாகிவிட்டது.

எட்சிங் கோட்டில் எனக்கு என்ன பிடித்துப்போனது என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வராது. பென்சிலில் மெல்லிய கோடு என்றால் வெளிறிய கோடு. பேனாவில் மெல்லிய கோடு என்றால் அதே கறுப்பு, கொஞ்சம் ஒல்லி. உளியால் செம்பில் நேரடியாக வெட்டும் என்கிரேவிங்கில் கோடு மெல்ல ஆரம்பித்து, நடுவில் தடித்து, மறுபடி கூர்மையாக முடியும். பார்த்தாலே பயிற்சி பெற்ற கை என்று தெரியும். எட்சிங் கோட்டில் அந்த மிடுக்கு கிடையாது. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அகலம், முனை மொண்ணை, ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நடுக்கம். ஆழம் குறைந்த கோடு என்றால் ஒல்லியாகவும் இருக்கும், மையும் குறைவாகவே பிடிக்கும், ஆகவே மெலிந்து, வெளிறி, தாளோடு ஒட்டிக் கிடக்கும். அதைத் தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சரி, மறுபடி வேலைக்கு வருவோம்.

கெட்டுப்போன தகட்டைத் தூக்கிப் போடவில்லை. அதன் பின்பக்கத்தை மெருகேற்றிச் சோதனைத் தகடாக்கினேன். ஐந்து பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் மூன்று விதமான ஊசிகளால் கோடு போட்டேன்: கூரான தையல் ஊசி, நுனி தேய்த்து உருட்டிய தையல் இயந்திர ஊசி, ஒரு தடித்த கோணி ஊசி. கோடுகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்று இடைவெளியையும் மாற்றிப் பார்த்தேன். 4 நிமிடம் கழித்து வெளியே எடுத்து, கழுவி, முதல் பட்டையைத் தடுப்பு வார்னிஷால் மூடினேன். அப்புறம் 8 நிமிடத்தில் இரண்டாவது, 15-இல் மூன்றாவது, 30-இல் நான்காவது. ஐந்தாவது பட்டை முழு 60 நிமிடமும் உள்ளே கிடந்தது.

அச்செடுத்த தாளை இன்னும் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். 4 நிமிடப் பட்டையில் மூன்று ஊசிகளையும் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடிகிறது. 60 நிமிடப் பட்டையில் தையல் ஊசி எது, இயந்திர ஊசி எது என்று பார்க்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. 30 நிமிடம் வரை கால் மில்லிமீட்டர் இடைவெளிகூடத் தாக்குப்பிடித்தது. 60-இல் அது இடிந்து விழுந்து, முதல் தகட்டில் பார்த்த அதே சாம்பல் கறை. அரை மில்லிமீட்டர் தப்பித்தது. இந்த எண்கள் என் கரைசலுக்கும் அன்றைய வெப்பத்துக்கும் மட்டும்தான். கரைசல் பழையதானாலோ குளிர்ந்தாலோ வேகம் குறையும், அதனால் யாருடைய நிமிடக் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், என்னுடையது உட்பட. சோதனைத் தகடு மட்டும் கட்டாயம் போடுங்கள்.

இரண்டாவது தகடு 10 × 15 சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கனம். நான்கு விளிம்புகளையும் அரத்தால் 45 டிகிரிக்குச் சாய்வாக ராவினேன். இல்லாவிட்டால் அச்சு பிரஸ்ஸில் விளிம்பு தாளையும் அதன் மேல் போடும் ஃபெல்ட் துணியையும் வெட்டிவிடும், ஓரத்தில் மை சேர்ந்து அசிங்கமான சட்டம் விழும். அப்புறம் மெருகு. 600, 1000, 1500 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் உலோக மெருகுப் பசை. தடித்த கோட்டில் வேலை செய்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்படலாம். நான்கு நிமிடக் கோடு போடப் போகிறவர் அவசரப்படக் கூடாது. தகட்டில் இருக்கும் ஒரு கீறலும் அந்தக் கோடும் கிட்டத்தட்ட ஒரே ஆழம், அச்சில் இரண்டும் ஒரே மாதிரி விழும். அதற்கப்புறம் எது நான் வரைந்தது, எது தானாக வந்தது என்று யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

எண்ணெய்ப் பசை போக்க, சுண்ணக்கட்டிப் பொடியைக் கொஞ்சம் நீர்த்த அமோனியாவில் குழைத்துத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக நின்றால் தகடு சுத்தம். எனக்கு மூன்றாவது தடவைதான் நின்றது. விரல் ரேகை ஒன்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது.

மெழுகுப் பூச்சு என்பது தேன்மெழுகு, நிலக்கீல், ரோசின் மூன்றும் உருக்கிச் சேர்த்த உருண்டை. தகட்டை ஹாட் பிளேட்டில் சூடாக்கி, உருண்டையை அங்கங்கே தொட்டு, உருளையால் சன்னமாகப் பரப்ப வேண்டும். தேன் நிறத்தில், அடியிலிருக்கும் செம்பு மினுங்கித் தெரியும் அளவுக்கு மெல்லிசாக. தடித்த பூச்சில் ஊசி போனால் ஓரம் பிசிறாகப் பெயரும். அப்புறம் தகட்டைத் தலைகீழாகப் பிடித்து, நான்கைந்து மெழுகுத் திரிகளைச் சேர்த்துக் கட்டிய சுடரால் அடியிலிருந்து புகை பிடிக்க வேண்டும். கை நின்றுவிடக் கூடாது. கரி மெழுகோடு கலந்து பளபளப்பான கறுப்பானால் வெற்றி. மங்கலாக, சாம்பல் பூத்தது மாதிரி ஆனால் பூச்சு கருகிவிட்டது என்று அர்த்தம். என்னுடையது ஒரு மூலையில் லேசாகக் கருகியது. தெரிந்தும் ‘பரவாயில்லை, அது வெற்றிடம்தானே’ என்று விட்டேன். இதற்கான தண்டனை பின்னால் வருகிறது.

வரைவதில் எனக்கு உதவியவர் 1677-இல் செத்துப்போன ஒருவர். பிராகில் 1607-இல் பிறந்த வென்செஸ்லாஸ் ஹோலார். ஏறக்குறைய 2,700 எட்சிங்குகள் போட்டவர். குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறைகளைக் குவித்து வைத்து 1647-இல் ஒரு தகடு போட்டிருக்கிறார். ஆள் இல்லை, கதை இல்லை. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் உறையின் எல்லைக்கோடு என்று ஒன்றைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. குட்டிக் குட்டிக் கோடுகள் மயிர் போகும் திசையில் போய் நின்றுவிடுகின்றன. அவை நிற்கும் இடம்தான் ஓரம். முதல் தகட்டில் நான் கூட்டுக்கு வெளிவட்டம் போட்டுவிட்டு உள்ளே நிரப்பியிருந்தேன். இந்த முறை வெளிவட்டமே போடவில்லை. புல் எங்கே முடிகிறதோ, கூடு அங்கே முடியட்டும்.

இருட்டுக்கு வேறொருவர். இத்தாலியின் பொலோனியா ஊர் ஓவியர் ஜியோர்ஜியோ மொராண்டி, 1890 முதல் 1964 வரை வாழ்ந்தவர். 1930 முதல் 1956 வரை அந்த ஊர் நுண்கலைக் கழகத்தில் எட்சிங் சொல்லிக்கொடுத்தார். புட்டிகளும் கிண்ணங்களும்தான் அவருடைய உலகம். குறுக்கும் நெடுக்குமான கோட்டு வலைகளாலேயே வெளிச்சத்தையும் நிழலையும் கட்டுவார். அவருடைய மிக அடர்ந்த நிழலிலும் கோடுகளுக்கு நடுவே தாளின் வெள்ளை புள்ளி புள்ளியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நான் கறுப்பு என்று நினைத்த இடம் கறுப்பாகவே இல்லை. கூட்டின் குழிக்கு நானும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் விட்டு, ஆழமாக அரிக்கவிடுவது என்று முடிவு செய்தேன். குறைந்த கோடு, அதிக நேரம். முடிக்கு நேர்மாறு.

தையல் இயந்திர ஊசியின் நுனியை உப்புத்தாளில் வட்டமாகச் சுற்றித் தேய்த்து மொண்ணையாக்கி, ஒரு மரப்பிடியில் செருகிக்கொண்டேன். மெல்லிய கோட்டுக்கு மொண்ணை ஊசியா என்று கேட்கலாம். கூர்முனை செம்பில் குத்தி நிற்கும், வளைவில் திக்கும். உருண்டை முனை எந்தத் திசையிலும் வழுக்கும். ஊசிக்கு அங்கே வேலை மெழுகை விலக்குவது மட்டும்தான். செம்பு தெரிகிறதா, போதும். அழுத்தினால் ஆழமாகும் என்று கைக்கு ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. அதை மறக்கடிக்க எனக்கு ஒரு முழு மாலை போயிற்று.

கண்ணுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கறுப்புப் பூச்சில் செம்புக் கோடு தங்கம் மாதிரி மின்னுகிறது. மின்னுவதால் இருப்பதைவிடத் தடியாகத் தெரியும். அதோடு, அடர்த்தியாகக் கோடு போட்ட இடம்தான் தகட்டில் வெளிச்சமாகத் தெரிகிறது. அச்சில் அதுதான் இருட்டு. இடவலமும் மாறி விழும். இத்தனையையும் மனதில் திருப்பிப் போட்டுக்கொண்டே வரைய வேண்டும். விளக்குக்கு முன்னால் ஒரு சன்னத் தாளைத் தொங்கவிட்டேன், கூசுவது குறைந்தது. தகட்டின் மேல் கை படாமல் இருக்க, இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி நடுவே ஒரு மரச்சட்டம் போட்டு அதில் மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டேன்.

அரிக்கும் முறையில் இரண்டு வழி இருக்கிறது. முழுவதையும் வரைந்துவிட்டு, மெல்லிய இடங்களை முதலில் வெளியே எடுத்து வார்னிஷால் மூடி, மற்றதை மேலும் அரிக்கவிடுவது ஒன்று. 17-ஆம் நூற்றாண்டில் ஜாக் கலோ என்ற எட்சிங் கலைஞர் இதைப் பிரமாதமாகச் செய்தார். 1633-இல் அவர் வெளியிட்ட போர்த் துயரப் படங்கள் 18-உம் ஒரு சாண் நீளம்கூட வராது; ஆனால் முன்னால் நிற்கும் சிப்பாய் திடமாக, தூரத்து ஊர் ஆவி மாதிரி வெளிறி இருக்கும். வாத்தியக் கருவிகளுக்குப் பூசும் கெட்டி வார்னிஷை மெழுகுக்குப் பதிலாக எடுத்துக்கொண்டவரும் அவர்தான். சாய்வாக வெட்டிய முனை கொண்ட ஊசியால் என்கிரேவிங் போலத் தடித்து மெலியும் கோட்டையும் வரவழைத்தார். அந்த ஊசியைப் பற்றி பிரெஞ்சு எட்சிங் கலைஞர் ஆப்ரஹாம் போஸ் 1645-இல் எழுதிய கையேட்டில் விரிவாகவே இருக்கிறது. எட்சிங், என்கிரேவிங் மாதிரி தோன்றுவதுதான் சிறப்பு என்பது போஸின் கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இரண்டாவது வழி தலைகீழ். ஆழமான கோடுகளை மட்டும் முதலில் வரைந்து அரிக்கவிடு, பிறகு வெளியே எடுத்து நடுத்தரக் கோடுகளைச் சேர், மறுபடி உள்ளே விடு, கடைசியில் மெல்லியவை. 19-ஆம் நூற்றாண்டில் அறுவை மருத்துவராகவும் எட்சிங் கலைஞராகவும் இருந்த சீமோர் ஹேடன் தகட்டை அமிலத்துக்குள் வைத்தபடியே இப்படி வரைந்திருக்கிறார். அவர் பயன்படுத்திய ‘டச்சு மார்டன்ட்’ மெதுவாக, நுணுக்கமாக அரிக்கும் கலவை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொட்டாசியம் குளோரேட்டும் சேர்ந்தது. குளோரின் வாயு வரும். வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். ஃபெரிக்கில் வாயு வராது. ஆனால் கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது, உலோகத் தொட்டியையும் குழாயையும் அரிக்கும், சட்டையில் பட்டால் துருக்கறை போகவே போகாது. கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் பாத்திரம், திறந்த ஜன்னல். வேலை முடிந்தபின் சாக்கடையில் ஊற்றக் கூடாது, அதில் கரைந்த செம்பு இருக்கிறது. நான் மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, ரசாயனக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுக்கிறேன்.

இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். வார்னிஷ் தூரிகை மெல்லிய கோடுகளுக்கு நடுவே புகுந்து வர வேண்டியதில்லை என்பதுதான் காரணம். வார்னிஷ் பட்ட இடத்தில் கோடு கத்தியால் வெட்டியது போல நிற்கும், கூட்டுக்கு அது ஆகாது. இதில் இருக்கும் கஷ்டம், முழுப் படமும் தலைக்குள் இருக்க வேண்டும். தகட்டில் பாதிதான் இருக்கும்.

கரைசலை உயரமான குறுகிய பிளாஸ்டிக் ஜாடியில் ஊற்றி, தகட்டின் முதுகில் நாடா ஒட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டேன். ஃபெரிக் அரிக்கும்போது ஒரு வண்டல் உண்டாகும். தகடு மல்லாந்து கிடந்தால் அது கோட்டுக்குள்ளேயே படிந்து அரிப்பைத் தடுக்கும். தொங்கினால் கீழே விழுந்துவிடும். ஜாடியை வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் நிறுத்தி 25 டிகிரியில் வைத்திருந்தேன். கரைசல் கெட்டிக் கஷாயம் மாதிரி இருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. நைட்ரிக் அமிலத்தில் கோட்டின் மேல் குமிழி எழும், அதை இறகால் வருடிவிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே கடிகாரத்தைத்தான் பார்க்க முடியும்.

குழியின் இருட்டுக் கோடுகள் 30 நிமிடம். எடுத்துக் கழுவி, ஒற்றுத்தாளால் ஒற்றி, உலர்ந்ததும் கூட்டின் அடிப்பாகத்துப் புல். இதில் எதிர்பாராத ஒரு வசதி: அரிபட்ட கோடு மங்கிச் செம்மண் நிறமாகிவிடுகிறது, புதுக்கோடு மட்டும் மின்னுகிறது. எது பழசு எது புதுசு என்று குழம்ப வேண்டியதில்லை. மறுபடி 15 நிமிடம். அப்புறம் மேல்பக்கத்து நார்களும் இறகும், 8 நிமிடம். ஒவ்வொரு தடவையும் பழைய கோடுகளும் சேர்ந்தே அரிபடும் என்பதால் குழிக்கு மொத்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

கடைசியாக முடி.

இதற்குமுன் ஒரு வெற்றுத் தாளில் முப்பது தடவையாவது போட்டுப் பார்த்திருந்தேன். முழங்கையிலிருந்து வரும் வீச்சு, கூட்டின் ஓரத்தில் தொடங்கி மேலேறி, வளைந்து, பாதிக்கு மேல் எதையும் தொடாமல் வெற்றிடத்தில் போய் நிற்க வேண்டும். மெழுகில் அழிக்க முடியாது. தப்பினால் வார்னிஷால் மூடி, உலர்ந்ததும் மறுபடி வரையலாம்தான், ஆனால் ஒட்டுப்போட்டது ஒட்டுப்போட்டதுதான். மூச்சைப் பிடிக்காதே, விட்டுக்கொண்டே போடு என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது. போட்டேன். நுனிக்குச் சற்று முன்னால் கை லேசாக அசைந்து ஒரு சின்ன நெளிவு விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நிஜ முடியிலும் அப்படி ஒரு நெளிவு இருந்ததா என்று கூட்டைப் போய்ப் பார்த்தேன். இல்லை. சரி, இருக்கட்டும். 4 நிமிடம். ஆகக் குழிக்கு 57, முடிக்கு 4.

மெழுகைக் கரைப்பானால் துடைத்ததும் தகட்டின் இடது மேல் மூலையில் ஏழெட்டுப் புள்ளிகள். கருகிய பூச்சு கொடுத்த பரிசு. முதல் அரிப்பு முடிந்தபோதே பூதக்கண்ணாடியில் பார்த்து வார்னிஷ் வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆழமில்லாத குழிகள் என்பதால், ஒரு துளி எண்ணெய் விட்டு, வழவழப்பான எஃகு பர்னிஷரால் தேய்த்துத் தேய்த்து அமுக்கினேன். இரண்டு மணி நேரம். மூன்று புள்ளிகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. ‘அது வெற்றிடம்தானே’ என்று நினைத்ததுதான் தப்பு. எதுவுமே இல்லாத இடத்தில்தான் ஒரு புள்ளிகூடக் கண்ணைக் குத்துகிறது.

இனி எல்லாம் சுலபம் என்றுதான் நினைத்தேன். முதல் சோதனை அச்சில் முடியே இல்லை.

தகட்டில் இருக்கிறது, நகத்தை ஓட்டினால் மிக லேசாகத் தட்டுகிறது, தாளில் மட்டும் இல்லை. மை இளகலாக இருந்ததால், கஞ்சி போட்ட வலைத்துணி அந்த ஆழமற்ற கோட்டிலிருந்து மையை வழித்துவிட்டது. துணியை நான் கசக்கிப் பிடித்திருந்தேன், அதன் மடிப்புகள் கோட்டுக்குள் இறங்கிவிட்டன. இரண்டாவது தடவை பயந்துபோய்க் குறைவாகத் துடைத்தேன். தகட்டின் மேல் மைப்படலம் மிஞ்சி, தாள் முழுதும் சாம்பல் பூத்து, முடி அதில் மூழ்கிவிட்டது. இந்த மைப்படலத்தை வேண்டுமென்றே விட்டுவைத்து அழகு செய்தவர்கள் உண்டு. 1880-இல் வெளிவந்த தன் முதல் வெனிஸ் தொகுப்பின் 12 எட்சிங்குகளில் அமெரிக்க ஓவியர் விஸ்லர் நடுவில் மட்டும் கோடுகளைச் சேர்த்து ஓரங்களை வெறுமையாக விட்டார். தண்ணீரும் மாலை வெளிச்சமும் பல இடங்களில் அவர் கையால் துடைத்துவிட்ட மையிலிருந்தே வருகின்றன. ஆனால் அது ஈரமான ஊர். என் கூடு காய்ந்த புல். அதற்கு வெள்ளைத் தாள்தான் வேண்டும்.

மூன்றாவதில் மையில் கொஞ்சம் மெக்னீசியம் கார்பனேட் கலந்து கெட்டியாக்கினேன், துணியைத் தட்டையான பொட்டலமாக மடித்து, கோட்டின் போக்கில் இழுக்காமல் சுழற்றித் துடைத்தேன். மை சரியாகவே நின்றது. தாள் கெடுத்தது. காலையில் நனைத்த தாள் ஓரத்தில் உலர்ந்துவிட, முடியின் பாதி வந்தது, பாதி வரவில்லை. 250 கிராம் பருத்தித் தாளை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒற்றி, அடுக்கி, பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் இரவு வைத்தால் ஈரம் உள்ளேவரை சமமாகப் பரவுகிறது. தொட்டால் குளிர்ச்சி தெரியும், மேலே மினுமினுப்பு இருக்காது. அதுதான் பதம்.

மறுநாள் நான்காவது. கெட்டி மை, தட்டைத் துணி, கடைசியாக உள்ளங்கையில் சுண்ணக்கட்டிப் பொடியைத் துளி தடவி, தகட்டை விரல் படாமல் வீசி வீசித் துடைத்தது. பிரஸ்ஸின் அழுத்தத்தைக் கால் திருகு கூட்டினேன். ஃபெல்ட்டைத் தூக்கி, தாளின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உரித்தேன்.

வந்திருந்தது. முதலில் குழியின் இருட்டு. அதில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக, நடுவே வெள்ளை மூச்சு விட்டுக்கொண்டு. அப்புறம் புல், நார், இறகு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் முடி. விளக்கைத் தாளின் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். 57 நிமிடக் கோடுகள் தாளின் மேல் மை வரப்புகளாக எழும்பி நின்றன, விரல் வைத்தால் சொரசொரப்பு தெரியும். முடியில் அப்படி ஒன்றுமே இல்லை. தாளுக்கு வலித்திருக்கவே செய்யாது என்று தோன்றியது.

அன்று பத்துப் பிரதிகள் எடுத்து வரிசையாக உலர வைத்தேன். எண்ணெய் மை உலர நாட்கள் ஆகும். தகட்டைச் சுத்தம் செய்து, காற்றுப்பட்டு நிறம் மாறாமல் இருக்க மெல்லியதாக வாசலைன் தடவி, தாளில் சுற்றி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தாள்.

“நல்லா வந்திருக்குடா,” என்றாள் முதல் பிரதியைக் குனிந்து பார்த்து. பிறகு, “இரு, இதுல ஒரு முடி ஒட்டிக்கிட்டிருக்கு பாரு.”

நான் திரும்புவதற்குள் ஊதினாள். போகவில்லை என்றதும் நகத்தால் தட்டிவிட்டாள்.

இப்போது ஒன்பது பிரதிகள் இருக்கின்றன. பத்தாவதை அவளே சட்டம் போட்டு மாட்டிக்கொண்டாள், மைத்தீற்றலோடு.